கேள்வியில் இல்லாத கார்

முந்திரி என்பது அவளுக்குப் புருஷன் வைத்த பெயர். முந்திரிக்கொட்டை என்று முழுசாகக் கூப்பிட்டால் வீட்டில் சண்டை வரும் என்று கொட்டையை மட்டும் உதிர்த்துவிட்டார். பெயர் பொருத்தமானதுதான். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து பாதி வாக்கியம் வருவதற்குள் மீதிப் பாதியை இவள் சொல்லி முடித்திருப்பாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலேயே, "கடைசியா அவர் என்கிட்ட கேட்டது..." என்று அந்த வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிக்க, "தண்ணியா?" என்று கேட்டுவைத்தவள் இவள். அந்த மனிதர் கேட்டதும் தண்ணீர்தான் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு அமைந்த வேலையும் அப்படி. நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடும் கம்பெனியில் புகார் பிரிவு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், "எங்க தெருவுல ரெண்டு நாளா..." என்று ஒருவர் இழுக்கும்போதே, "தண்ணி வரல, சரி, தெரு பேரச் சொல்லுங்க" என்பாள். வேகத்துக்குப் பரிசாகக் கம்பெனி அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம்கூடக் கொடுத்திருக்கிறது.

இப்போது அந்தப் பிரிவையே மூடப்போகிறார்கள். இனிமேல் புகாரையெல்லாம் ஓர் இயந்திரக் குரல் கேட்டுக்கொள்ளுமாம். சட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் இடம் வாங்குகிறவர்களை மட்டும் கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அவளுக்கோ வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. நூற்றுக்கு எழுபது எடுத்தால் இடம் உறுதி. எடுக்காவிட்டால் வேலை போகும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

மாதிரித் தேர்வுகளில் ஆரம்பத்தில் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. அவளுக்கே பெருமையாக இருந்தது. பிறகு அறுபத்திரண்டில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால் சும்மா இல்லை, விருந்துக்கு வந்து ஊர் திரும்ப மறந்துபோன சொந்தக்காரரைப் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கூடுதலாகப் படித்துப் பார்த்தாள், அறுபத்திரண்டு. ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் இருந்து பார்த்தாள், அறுபத்திரண்டு. புத்தகத்தை மாற்றினாள், பென்சிலை மாற்றினாள், உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றினாள். விடைத்தாளைத் திருத்தி இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பாள். இனி மேலே போகாது, என் மூளைக்கு இவ்வளவுதான் கொள்ளும் என்ற பயம் பஸ்ஸில் வரும், குளிக்கும்போது வரும், தண்ணீர் வரவில்லை என்று யாரோ காதில் கத்திக்கொண்டிருக்கும்போதும் வரும்.

இவ்வளவுதான் என்ற சொல்லை அவள் ஏற்கனவே ஒரு முறை கேட்டிருந்தாள். அதைச் சொன்னது அவள் கணவரின் பேச்சுப் பயிற்சியாளர்.

கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர், அதனால் வீட்டிலும் மாஸ்டர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கை கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதிலும் மனசில் இருக்கும், வாய்க்கு வந்து சேர்வதற்குள் நாழியாகிவிடும். போன மாதம் பயிற்சியாளர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆறு மாசமா ஒரே எடத்துல நிக்குது. சில பேருக்கு இவ்வளவுதான் வரும்." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "வீட்டுல நல்லா பேசறீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஓ, நல்லா பேசுவாரு மேடம்" என்றாள் முந்திரி. மாஸ்டர் தலையாட்டினார்.

சனிக்கிழமைகளில் அவள் நூலகத்தில் ஒரு நர்ஸோடு சேர்ந்து படிப்பாள். நர்ஸ் அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆஸ்பத்திரி வேலை அலுத்துப்போய் வக்கீலாகப் பார்க்கிறாள். அவளுக்கும் மதிப்பெண் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவள் கவலைப்படுகிற ரகம் இல்லை. இருவரும் தடுமாறுவது வாதக் கேள்விகளில். நாலு வரியில் யாரோ ஒருவர் எதையோ வாதாடுவார், அந்த வாதம் சொல்லாமல் எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நர்ஸுக்குக் கண் வலித்தது. "அக்கா, நீங்க சத்தமா படிங்க, நான் கேக்கறேன்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

முந்திரி படித்தாள். "இந்த நகரத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இரு மடங்காகியிருக்கிறார்கள். காரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாறிய இவர்களால், நகர மக்களின் உடல்நலம் கூடியிருக்கும் என்பது உறுதி. இதுல என்ன தப்பு? எனக்குச் சரியாத்தான் படுது."

நர்ஸ் ஒரு கண்ணைத் திறந்தாள். "இன்னொரு வாட்டி படிங்க."

முந்திரி மறுபடி படித்தாள். மறுபடியும் அதேதான் வந்தது.

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்து புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "கார் எங்கேருந்துக்கா வந்துச்சு? இதுல காரே இல்லையே."

முந்திரி குனிந்து பார்த்தாள். இல்லை. சைக்கிள் இருந்தது, நகரம் இருந்தது, உடல்நலம் இருந்தது. காரைக் காணோம். வீட்டில் கார் வாத்தியார் இருந்தால் கேள்வியிலும் கார் வந்து நிற்கும்போல என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. இரண்டு தடவை அவள் கண் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறது. அச்சில் பார்த்ததாகச் சத்தியம் செய்யவே தயாராக இருந்திருப்பாள்.

"எனக்கு மூளையில ஏதாவது..." என்றாள்.

பக்கவாதமோ என்று நர்ஸும் கொஞ்சம் பயந்துதான் போனாள். "சிரிங்க பாப்போம். பல்லு தெரிய. ரெண்டு கையையும் தூக்குங்க. அப்படியே வெச்சிருங்க." நூலகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, முந்திரி பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். கை இறங்கவில்லை, வாய் கோணவில்லை. நர்ஸ் மூச்சை விட்டாள்.

"ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குப் புரிஞ்சு போச்சுக்கா. முன்னாடி நடந்து போனவங்கதான் இப்ப சைக்கிள்ல போறாங்கன்னு வைங்க, ஒடம்பு எப்படி நல்லாகும்? அதான் அந்த வாதத்துல இருக்கற ஓட்டை. நீங்க படிக்கறப்பவே ஓட்டைய அடைச்சிடறீங்க. அடைச்சிட்டு, ஓட்டை எங்க எங்கன்னு தேடறீங்க."

மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அன்று முதல் புது முறை. வாக்கியத்தின் மேல் விரலை வைத்து, எழுதியிருப்பதை மட்டும் படிப்பது. படித்து முடித்ததும் உடனே விடைக்குப் பாயாமல், ஒரு மூச்சு சும்மா இருப்பது. வாதாடுகிறவன் எதைச் சொல்லவில்லை என்று கேட்டுக்கொள்வது. கேட்க எளிதாக இருக்கும். அடுத்த மாதிரித் தேர்வில் நேரம் போதாமல் கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை, மதிப்பெண் ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டை இவ்வளவு நாள் திட்டியவள், அது கிடைத்தால் போதும் என்று ஏங்கினாள்.

"கொறையும். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றாள் நர்ஸ். "அந்த ஒரு மூச்சு சும்மா இருக்கீங்களா இல்லையா?"

"இருக்க முடியல."

"ஏன்?"

முந்திரி புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். அவளுக்குப் பதில் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மாஸ்டர் நன்றாக இருந்த காலத்தில் அவரிடம் ஒரு விளையாட்டு உண்டு. முந்திரியைச் சீண்டுவதற்காகவே வேண்டுமென்று வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். அவள் பாய்ந்து எதையாவது சொல்லி முடிப்பாள். "அதுதான் இல்ல" என்று கையைத் தட்டிச் சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, "அந்தப் பொண்ணு இன்னிக்கு ரிவர்ஸ் எடுக்கறேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இன்றைக்கு ஏமாறக் கூடாது என்று முந்திரி தீர்மானித்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக, அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவரும் அவளையே பார்த்தார். அவள் காத்திருந்தாள். வாழ்க்கையிலேயே அவள் அவ்வளவு பொறுமையாக இருந்தது அன்றைக்குத்தான். அவர் வாயோரம் ஒரு பக்கமாக இழுத்தபோதுகூட, சிரிப்பை அடக்குகிறார் என்றே நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். இப்பத்தான் என்று சொல்லிவிட்டாள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அதற்குள் யாரோ கூப்பிட, பாதியில் எழுந்து போய்விட்டார். மீதியை அவள்தான் முடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து யார் பேச்சிலும் ஓர் இடைவெளியை அவள் விட்டுவைத்ததில்லை. முன்பு அது குணம், இப்போது பயம். வாக்கியம் நின்றால் ஆள் போய்விடுவான் என்று தோன்றும். உடனே எதையாவது போட்டு மூடிவிடுவாள். அச்சடித்த கேள்விக்குப் பக்கவாதம் வராது என்று அறிவுக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் விடவில்லை. பயந்துகொண்டே பழகினாள். ஆபீஸிலும் பழகிப் பார்த்தாள். "எங்க வீட்டுல தண்ணி..." என்று ஓர் அம்மா நிறுத்தியபோது, வரலையா என்ற வார்த்தை நுனிநாக்கில் வந்து துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "...நிக்கவே மாட்டேங்குதும்மா, குழாய் பிச்சிக்கிட்டு கட்டில் வரைக்கும் வந்துடுச்சு" என்றது குரல். முந்திரி குழாய் உடைப்பு என்று புகாரை எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று தானாக எழுதி அனுப்பினாளோ. கம்பெனி அதற்குக் கடிகாரம் வேறு கொடுத்தது.

மதிப்பெண் மெல்ல நகர்ந்தது. அறுபத்து நாலு. அறுபத்தெட்டு. ஒரு தடவை எழுபத்தொன்று வந்தபோது நர்ஸ் நூலகம் என்றும் பாராமல் விசிலடித்தாள். அடுத்த தடவை அறுபத்தொன்பது. எழுபதின் வாசற்படியில் கால் வைத்தும் வைக்காமலும் நின்றுகொண்டிருந்தாள், தேர்வு நாள் நெருங்கிவிட்டது.

வீட்டில் மட்டும் அவளால் முடியவில்லை. மாஸ்டர் "ஜன்..." என்பார், அவள் ஜன்னலைச் சாத்தியிருப்பாள். "அந்த..." என்பார், ரிமோட் அவர் கையில் இருக்கும். அவர் தலையாட்டுவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார் என்பதை அவள் இப்போதுதான் கவனித்தாள். சாத்தின ஜன்னலை ஒரு நாள் அவர் கஷ்டப்பட்டு எழுந்து போய் மறுபடி திறந்துவைப்பதைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். ஆறு மாதமாக அவர் பேச்சு ஒரே இடத்தில் நிற்பது அவருடைய மூளையாலா, என் வாயாலா? பயிற்சியாளர் அம்மா கேட்ட கேள்விக்கு அவரைப் பதில் சொல்ல விட்டேனா? இனிமேல் காத்திருக்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அவர் வாய் திறந்து நிற்கும், கண் அவளைப் பார்க்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். உடனே வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள்.

தேர்வு நாள் வந்தது. மணி அடித்துவிட்டால் தேர்வு மையத்தின் கேட்டைத் திறக்க மாட்டார்கள். யாராக இருந்தாலும் சரி, அழுதாலும் சரி. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் சரியாகப் போய்ச் சேரலாம், அதையும் விட்டால் கதை முடிந்தது. அனுமதிச் சீட்டு பையில் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டு, செருப்பில் காலை நுழைத்தாள். மாஸ்டர் கதவுவரை வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வரேங்க. சாப்பாடு மேஜை மேல இருக்கு. மாத்திரை..."

"அ... அன்னிக்கு" என்றார் மாஸ்டர்.

என்னிக்கு? பயிற்சியாளர் வந்த அன்றைக்கா? மாத்திரை மாற்றிய அன்றைக்கா? நாலு வாக்கியம் அவள் வாயில் தயாராக வரிசையில் நின்றது. எதையாவது சொன்னால் போதும், அவர் தலையாட்டிவிடுவார், அவள் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு... நீ..."

அவளுக்கு எந்த அன்றைக்கு என்று புரிந்துவிட்டது. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவள் பயந்து பயந்து காத்திருந்தது இதற்குத்தான். மீதியும் அவளுக்குத் தெரியும். அன்னிக்கு நீ ஏன் சும்மா பாத்துக்கிட்டே இருந்த? தினம் தினம் அவர் கண்ணில் படித்த வாக்கியம் ஆயிற்றே. அதை இன்றைக்கா சொல்ல வேண்டும், தேர்வுக்குப் போகிற நேரத்திலா? நானே சொல்லி முடித்துவிடலாம், தப்புதாங்க, என்னை மன்னிச்சிடுங்க என்று காலைப் பிடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது.

அவர் வாய் திறந்து நின்றது. நெற்றியில் நரம்பு புடைத்தது. வாயோரத்தைப் பார்த்தாள். கோணவில்லை. கையைப் பார்த்தாள், சுவரை உறுதியாகப் பிடித்திருந்தது. கீழே தெருவில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவு மூடும் சத்தம் கேட்டது, கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது.

"சிரி... சிரிச்சிக்... கிட்டே... பாத்த."

முந்திரியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"எல்லாம்... எல்லாம்... போச்சு. கை... சத்தம்... எல்லாம். உன்... மூஞ்சி... மட்டும்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். அவள் காத்திருந்தாள். "நீ... சிரிச்ச. அதான்... எனக்கு... பயமே... இல்ல."

இரண்டு வருஷமாக அவர் முகத்தில் இவள் படித்துக்கொண்டிருந்த வாக்கியம் அங்கே எழுதியிருக்கவே இல்லை. இவளே எழுதி, இவளே படித்து, இவளே தண்டனையும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சத்தம் போட்டு அழுதாள். மாஸ்டர் இடது கையால் அவள் முகத்தை ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கத்துக்கு வலது கை எழவில்லை.

"இன்னும்..." என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும்... நெறைய... இருக்கு. வந்து... கேளு." பிறகு கதவைக் காட்டினார். "ஓடு."

அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் உயிர் போய் உயிர் வந்தது. இறங்கி ஓடும்போது ஒரு செருப்பின் வார் அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. காவலாளி கேட்டை முக்கால்வாசி தள்ளிவிட்டார். இவளைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, அழுது வீங்கிய கண்ணைப் பார்த்து, தள்ளுவதை நிறுத்தினார்.

"சீக்கிரம் உள்ள போங்கம்மா. பரீட்சை அன்னிக்கு இவ்வளவு நேரம் வீட்டுல என்னதான் பண்ணீங்க?"

"எங்க வீட்டுக்காரரு பேசிக்கிட்டு இருந்தாருங்க" என்றாள் முந்திரி.